பாய்லர் கூடத்தில் சாட்பாட் சொல்வதை நம்பலாமா?

புதுவயல் ஆலைக்காரர்:
எங்கள் புழுங்கல் அரிசி ஆலையில் உமி எரிக்கும் பாய்லரும் நெல் ஊற வைக்கும் தொட்டிகளும் இருக்கின்றன. பாதுகாப்பு குறித்த ஐயங்களைச் சில காலமாகக் கைப்பேசியில் ஏஐ சாட்பாட்டிடம் தமிழிலேயே கேட்டு வருகிறோம். உறவினர் ஒருவர் இதைக் கண்டித்தார். நான் தவறென்று கருதவில்லை. தொட்டிக்குள் ஆள் இறங்குவதைப் பற்றிக் கேட்டபோது, ஊறிய நெல் புளிக்கையில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு சேரும் என்றும், காற்றில் வழக்கமாக 20.9 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்றும், உள்ளே மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே குதிக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னது. இத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு இதை எடுத்துச் சொன்னவர் எவருமில்லை.

காரைக்குடி வேதிப் பொறியாளர்:
தொட்டியைப் பற்றி அது சொன்னது சரி, ஐயா. பாடநூல்களில் பலமுறை எழுதப்பட்ட பொது விதிகளை அது பெரும்பாலும் சரியாகவே சொல்லும். என் அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பாய்லருக்குள் இருக்கும் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீரே தெரியவில்லை என்று கேட்டால், "நீர் ஏற்றாதீர்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், ஆற விடுங்கள்" என்ற வகையில் பதில் வரக்கூடும். முதற்பகுதி உயிர் காக்கும் அறிவுரை. நீரில்லாமல் காய்ந்து சிவந்த உலோகத்தின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது நொடியில் நீராவியாகும், உலோகமும் விரிசல் விடலாம். ஆனால் வால்வை மூடுவது எண்ணெயோ எரிவாயுவோ எரியும் பாய்லருக்குப் பொருந்தும். உமி அடுப்பில் உமி விழுவதை நிறுத்திய பிறகும் தட்டில் கிடக்கும் நெருப்பு வெப்பம் தந்துகொண்டே இருக்கும். காற்றுத் தள்ளும் விசிறியை நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் நெருப்பையே வெளியே இழுக்க வேண்டும். உங்கள் அடுப்பு எவ்வகை என்று கேட்காமலே விடை சொல்லும் ஒன்றை நான் எப்படி நம்புவது?

புதுவயல் ஆலைக்காரர்:
அடுப்பின் வகையைச் சொல்லிக் கேட்டால் அதற்கேற்ற பதில் வருமே? குறை கேள்வியில் இருக்கிறது, கருவியில் இல்லை. நள்ளிரவில் ஆலை ஓடும்போது எந்தப் பொறியாளர் எங்கள் அழைப்பை எடுப்பார்? ரசாயனம் வாங்கினால் உடன் வரும் பாதுகாப்புத் தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் விளக்கித் தருவதே எங்களுக்குப் பேருதவி.

தேவகோட்டை பாய்லர் அட்டெண்டன்ட்:
அடுப்பின் வகையைச் சொன்னாலும் ஒன்று மிஞ்சுகிறது, ஐயா. கேஜ் கிளாஸுக்கு வரும் நீர்வழியில் அழுக்கு அடைத்துக்கொண்டால், பாய்லருக்குள் நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் கண்ணாடியில் பழைய மட்டமே நிற்கும். "பாதிக் கண்ணாடி நீர் இருக்கிறது" என்று நாம் தட்டச்சு செய்தால் சாட்பாட் அதை உண்மையென்று ஏற்றுக்கொண்டு மேலே பேசும். நாங்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் கேஜ் கிளாஸில் உள்ள நீரை வெளியே ஊதிவிட்டு, நீர் விரைவாகத் திரும்பி ஏறுகிறதா என்று பார்த்த பிறகே அதை நம்புவோம். சான்றிதழ் பெற்ற ஆள் பாய்லர் அருகில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரைக்குடி வேதிப் பொறியாளர்:
அட்டெண்டன்ட் சொன்னதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஒரு கோபுரத்தில் திரவம் நிரம்பி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் மட்டம் காட்டும் கருவி அது குறைந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. வெடிப்பில் 15 பேர் இறந்தனர். போபாலிலும் மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருளில் நீர் கலந்தால் என்னவாகும் என்பது தெரியாத செய்தியன்று. ஆனால் 1984 டிசம்பரில் அந்த வாயு கசிந்தபோது குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் வேலை செய்யும் நிலையில் இல்லை. எந்தக் காப்பு இப்போது உயிரோடு இருக்கிறது என்பதை ஆலைக்குள் நடந்து பார்ப்பவர்தான் அறிய முடியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: "லோடு இன்றே போயாக வேண்டும், கொஞ்ச நேரம் ஓட்டினால் என்ன?" என்று வற்புறுத்தினால், முதலில் மறுத்த சாட்பாட் அடுத்த பதிலில் இணங்கிப் போவதும் உண்டு. பாதுகாப்பில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

புதுவயல் ஆலைக்காரர்:
போபால் பெரிய ஆலை. அங்கே அறிவு இருந்தது, காப்பு இல்லை. எங்களைப் போன்ற சிறு ஆலைகளில் அந்த அறிவே இல்லை என்பதை நீங்கள் மறுக்க முடியாது. ஆகவே நான் சாட்பாட்டை விடப்போவதில்லை. ஆனால் ஆபத்து நேரத்தில் அதனிடம் கேட்பது கூடாது என்பதை ஏற்கிறேன். ஆலை நிற்கும் நாளில் தொட்டிக்கும் பாய்லருக்கும் தனித்தனியாகச் செய்முறையை அதனிடம் எழுதி வாங்கி, அட்டெண்டன்டிடம் கொடுத்து வரிவரியாகத் திருத்தச் சொல்வேன். ஆக்சிஜன் அளக்கும் கருவியும் வாங்க வேண்டும்.

தேவகோட்டை பாய்லர் அட்டெண்டன்ட்:
அப்படியென்றால் அந்தத் தாளை உங்கள் அறையில் வைக்காமல் பாய்லர் பக்கத்தில் ஒட்டுங்கள், ஐயா. நீர் தெரியாவிட்டால் உங்கள் உத்தரவுக்குக் காத்திராமல் பாய்லரை நிறுத்தும் உரிமை அட்டெண்டன்டுக்கு உண்டு என்று முதல் வரியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.