9 வயது நாயையும் 10 மாதக் குட்டியையும் ஒண்டா அஜிலிட்டி பழக்கலாமோ?

செம்பாட்டான் கேட்டது:

வணக்கம். அஜிலிட்டி எண்ட, தடை தாண்டி ஓடுற விளையாட்டுக்குப் பழக்க வீட்டில ரெண்டு நாய் நிக்குது. மூத்தவன் லாப்ரடோர் கலப்பு, 9 வயது, தோள் உயரம் 52 செ.மீ., நிறை 27 கிலோ. இளையவள் ஊர் நாய்க் கலப்பு, 10 மாதம், இப்ப 46 செ.மீ. இடம் உரும்பிராய்ப் பக்கம், பயிர் வைக்காத செம்பாட்டுக் காணி. பிவிசி குழாயில செய்த ஆறு ஜம்ப், ஒரு டனல், நாய் வளைஞ்சு வளைஞ்சு ஓடுற 12 வீவ் கம்பு இருக்கு. ஏ ஃபிரேமுக்கு (கூரை மாதிரி ஏறி இறங்கிற பலகை) தச்சரிட்டச் சொல்லியிருக்கு.

ரெண்டுக்கும் பாரை 30 செ.மீ. உயரத்தில வைச்சு ஒண்டாப் பழக்கினாப் போதுமோ? இளையவளை எப்ப முழு உயரத்துக்கு ஏத்தலாம்? மூத்தவன் இந்த ஒரு மாதமாப் பின்னங்காலால பாரைத் தட்டுறான், வீவில நடுவால வெளிய வாறான். வயசு போனதாலதான் எண்டு விடலாமோ? எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய்ச் சங்கம்) விதியில எங்கையும் போட்டி கிடைச்சா ரெண்டு பேரையும் ஓட்ட விருப்பம்.

பனங்கூடல்:

பாரைப் பதிச்சு வைச்சா ஆபத்தில்லை எண்டு கனபேர் நினைக்கினம். பார் உயரம் பாதிக் கணக்குத்தான். மிச்சம் இறுக்கமான திருப்பம், வீவில முதுகு வளையிறது, ஏ ஃபிரேமால இறங்கேக்க முன்னங்காலில விழுற பாரம். பாரை எவ்வளவு குறைச்சாலும் இந்த மூண்டும் குறையாது. ரெண்டு நாய்க்கும் இதுதான் பிரச்சினை, காரணம் மட்டும் வேற.

இளையவளின்ர நீள எலும்புகளின்ர நுனியில வளர்ச்சித் தகடு இன்னும் குருத்தெலும்பாத்தான் இருக்கும். நடுத்தர நாய்க்கு அனேகமா 12–14 மாதத்தில மூடும், பெரிய சாதிகளுக்கு 18 மாதம் வரைக்கும் இழுக்கும். வேளைக்கே கருத்தடை செய்திருந்தா இன்னும் பிந்தும். அதுக்கு முதல் அந்த இடம் அடிபட்டா கால் கோணி வளரலாம். அதால 30 செ.மீ. இப்ப அவளுக்குக் கூட. பாரை முன்னங்கால் மணிக்கட்டு மட்டத்துக்கு மேல ஏத்தாதேங்கோ. அவளின்ர உயரத்துக்கு ஏறக்குறைய 12 செ.மீ. வரும். 14 மாதத்துக்குப் பிறகு முழங்கை மட்டம், அதில வடிவாப் பாய்ஞ்சா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 5 செ.மீ. ஏத்தலாம். சந்தேகம் எண்டா முழங்காலையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்தா தகடு மூடினதோ எண்டு தெரியும். எஃப்.சி.ஐ. போட்டியில 18 மாதத்துக்குக் குறைஞ்ச நாயைச் சேர்க்கவே மாட்டினம், அவதிப்பட்டு ஒரு லாபமும் இல்லை.

அதுவரைக்கும் வேலை இல்லாம இல்லை. ஆறு குழாயை நிலத்தில இருந்து 8–10 செ.மீ. உயர்த்தி, ஒண்டுக்கும் மற்றதுக்கும் அவளின்ர தோள் உயரத்தளவு, அதாவது 46 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கோ. அதுக்கு மேலால துள்ளு நடையில (நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட வேகம்) மட்டும் போக வேணும். பாய்ஞ்சு கடந்தா நீங்கள் கெதியாப் போறியள் எண்டு அர்த்தம். பின்பக்கமா நடந்து 10 செ.மீ. பலகையில பின்னங்காலை ஏத்தப் பழக்குங்கோ. கனக்க நாய்களுக்குத் தங்கட பின்னங்கால் எங்க நிக்குது எண்டே தெரியாது, பார் விழுறதும் ஏ ஃபிரேமில கால் பட வேண்டிய தொடுபகுதி தவறுறதும் அதாலதான். ஜம்ப் தூணை இடமாயும் வலமாயும் சுத்திறது, நேர் டனல், தொடக்கத்தில பொறுத்து நிக்கிறது எல்லாம் இப்பவே செய்யலாம். வீவில ரெண்டே ரெண்டு கம்பு போதும். முதல் கம்பு நாயின்ர இடது தோளுக்குப் பக்கத்தில வர நுழையிறதுதான் விதி. எந்தக் கோணத்தில அனுப்பினாலும் அதைத் தானே கண்டுபிடிக்கப் பழக வேணும். 12 கம்பையும் நேர்வரிசையில வைச்சு ஓட்டுறது 15 மாதத்துக்குப் பிறகு.

மூத்தவன் மிருக வைத்தியர் சரி எண்டு சொன்ன பிறகு, முழங்கை மட்டம் அல்லது அதுக்குக் கீழ, 25 செ.மீ. ஜம்புக்கு ஜம்ப் 6–7 மீற்றர் விட்டு, அகலமான திருப்பமா வையுங்கோ. வீவ் எண்டா 6 கம்பு, ரெண்டு வரிசையாப் பிரிச்சு நடுவில அவன்ர உடம்பு போற அளவுக்கு வழி விட்டா முதுகை முறிக்காம ஓடுவான். போட்டி ஏ ஃபிரேமின்ர உச்சி 1.70 மீற்றர், தச்சரிட்டச் சொல்லேக்கயே 1.20 மீற்றருக்கும் இறக்கக்கூடிய மாதிரிச் சங்கிலித் துளை போடச் சொல்லுங்கோ. ரெண்டு கால் பலகையில, ரெண்டு கால் நிலத்தில நிப்பாட்டிற முறை அவனுக்கு வேண்டாம், முழுப் பாரமும் தோளில இறங்கும். கிழமைக்கு ரெண்டு தரம், ஒருக்கா 5–6 நிமிசம் காணும்.

52 செ.மீ. உயரத்துக்கு 27 கிலோ கூட எண்டுதான் எனக்குப் படுது. கையால தடவ விலா எலும்பு தட்டுப்பட வேணும். பயிற்சியில குடுக்கிற கோழித்துண்டைக் கடலையளவு வெட்டி, அந்த அளவைச் சாப்பாட்டில குறையுங்கோ. நெத்தலிக் கருவாடு வேண்டாம், உப்பு.

உப்புக்காத்து:

பாரைத் தட்டுறதையும் வீவால வெளிய வாறதையும் வயசு எண்டு விடாதேங்கோ, அது நோவின்ர அறிகுறி. இடுப்பின்ர உள்தசை இழுபட்டா, முதுகில மூட்டுத் தேய்வு இருந்தா, இதே மாதிரித்தான் தொடங்கும். பாய முதல் ஒரு குட்டி அடி கூட வைக்கிறானோ, படுத்தெழும்பினா ரெண்டு பின்னங்காலையும் சேர்த்துத் துள்ளிறானோ, இருக்கேக்க ஒரு காலை வெளிய நீட்டுறானோ எண்டு பாருங்கோ.

எங்கட பக்கத்தில இன்னொண்டும் இருக்கு: உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்சுப் பரவுற எர்லிக்கியா, பபேசியா எண்ட கிருமி ரெண்டும் இலங்கையில உள்ளதுதான். காய்ச்சல் தெரியாமலே நாய் சோர்ந்து, நொண்டி, வேகம் குறையும். காதுக்குள்ளையும் விரலிடுக்கிலயும் உண்ணி தேடுங்கோ, முரசு வெளிறியிருக்கோ பாருங்கோ. இரத்தத்தில தட்டணு எண்ணிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் ஜம்ப் ஒண்டும் வேண்டாம்.

செம்பாட்டான்:

நன்றி. மிருக வைத்தியரிட்டக் காட்ட ஒரு கிழமை செல்லும். அதுவரைக்கும் பனடோல் கால்வாசி குடுக்கலாமோ?

உப்புக்காத்து:

குடுக்காதேங்கோ. பனடோலில உள்ள பரசிற்றமோல் நாயின்ர ஈரலையும் சிவப்பணுவையும் பழுதாக்கும். இபுபுறூஃபன், டைக்குளோஃபினாக் எல்லாம் வயித்தில புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். நோவை மறைச்சா அவன் ஓடி இன்னும் கிழிச்சுக்கொள்ளுவான். கயித்தில கட்டி, மட்டமான நிலத்தில காலை 15 நிமிசம், பின்னேரம் 15 நிமிசம் நடத்துங்கோ. துள்ளு நடையைப் பக்கத்தில இருந்தும் பின்னால இருந்தும் போனில எடுத்து வையுங்கோ. வைத்தியரின்ர மேசையில ஏறினா நாய் நொண்டுறதையே மறந்துடும், வீடியோ மறக்காது.

கிணத்தடி:

நிலத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. காய்ஞ்ச செம்பாடு சீமெந்து மாதிரி, 25 செ.மீ. பாரால இறங்கினாலும் அதிர்ச்சி தோளுக்குப் போகும். காலமை தண்ணி விட்டா மேல்மண் வழுக்கும். முதல்நாள் பின்னேரம் தெளிச்சு, இரவு ஊற விட்டு, விடிய ஓட்டுங்கோ. ஜம்ப் இறங்கிற இடத்தில மட்டும் மண்ணை வாரி கிளறி விட்டாலும் நல்லது. நெருஞ்சி முள்ளைப் பயிற்சிக்கு முதல் ஒருக்கா நடந்து பார்த்துப் பிடுங்குங்கோ. ஒரு முள்ளு குத்தினாலும் நாய் அந்த ஜம்பைத்தான் குற்றம் சொல்லும், பிறகு அதில மறுக்கும்.

பாரைக் கம்பியால கட்டவோ ஆணியால இறுக்கவோ கூடாது. குழாயைப் பாதியா வெட்டி எடுத்த கிண்ணத்தில பார் சும்மா இருக்க வேணும், எந்தப் பக்கத்தால தட்டினாலும் விழ வேணும். டனலுக்கு ரெண்டு பக்கமும் மண் நிரப்பின அரிசிப் பையை ஒரு பட்டியால இணைச்சு மேலால போடுங்கோ. பட்டியை இறுக்கினா உள்ளுக்கு விட்டம் குறைஞ்சு முதுகு தட்டும்.

பங்குனி தொடக்கம் ஆவணி வரைக்கும் காலமை 7 மணிக்குள்ள முடியுங்கோ. நாக்கு அகண்டு நுனி மேல வளைஞ்சா அண்டைக்கு நிப்பாட்டு. முரசு கடுஞ்சிவப்பாகி, தள்ளாடினா உடன கிணத்துத் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்தி விசிறுங்கோ, பிறகு வைத்தியர். ஈரத்துவாயால மூடி விடாதேங்கோ, சூடு உள்ளயே நிக்கும்.

தெற்கால_வந்தவன்:

போட்டிக் கேள்விக்கு வாறன். எஃப்.சி.ஐ.யில தோள் உயரம் 48 செ.மீ.க்கு மேல எல்லாம் லார்ஜ் பிரிவு, பார் 55–60 செ.மீ. மூத்தவன் அதில ஓட வேண்டிய நாய் இல்லை. அமெரிக்கக் கென்னல் கிளப்பில எண்டா பிரிஃபேர்ட் எண்டு ஒரு பிரிவு இருக்கு, பார் நாலு அங்குலம் குறைவு, நேரம் 5 செக்கன் கூட. அந்த மாதிரிப் பிரிவு இல்லாத இடத்தில அவனைப் போட்டிக்கு இல்லாம, தாழ்த்தின பாரோட காட்சிக்கு மட்டும் ஓட விடக் கேளுங்கோ. இளையவள் 46இல நிண்டா இன்டர்மீடியேட், பார் 45–50. 48 தாண்டினா அவளும் லார்ஜ்தான். ஆனபடியா வளர்ந்து முடிஞ்ச பிறகு அளந்து போட்டு முடிவெடுங்கோ.

ரெண்டு பேருக்கும் ஒரே தடத்தை ஒரே மாதிரி ஓட்டேலாது. தடத்தை நடந்து பார்க்கேக்க ரெண்டு தரம் நடக்க வேணும். வேகமான இளம் நாய்க்குத் திருப்பத்தைச் சொல்ல வேண்டிய நேரம், அதுக்கு முதல் ஜம்பால கால் நிலத்தில பட்ட உடன. எழும்பினாப் பிறகு சொன்னா அகலச் சுத்தி பிழையான டனலுக்குள்ள போகும், அது நேரா வெளியேற்றம். மூத்தவனுக்கு நீங்கள் முன்னுக்கு ஓடி நிண்டு பார்த்துக்கொண்டு இருந்தா அவனும் நடப்பான். பக்கத்தில ஓடிக்கொண்டே இருக்க வேணும். முன் குறுக்கு (நாய்க்கு முன்னால நீங்கள் பக்கம் மாறுறது) அவனுக்கு லேசு. இளையவளுக்கு நீங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டியள், பின் குறுக்கை (நாய்க்குப் பின்னால பக்கம் மாறுறது) இப்பவே மட்டமான நிலத்தில பழக்குங்கோ.

புறப்படுற சொல்லு ரெண்டு நாய்க்கும் வேற வேற இருக்கட்டும். ஒண்டே எண்டா, கட்டி வைச்ச நாயும் எழும்பிப் பாயும். ஒருத்தன் ஓடேக்க மற்றவனை வளையம் தெரியாத இடத்தில, நிழலில, தண்ணியோட வையுங்கோ. பார்த்துக்கொண்டு இருந்து குலைச்சுக் குலைச்சுச் சூடாகின நாய், தன்ர முறை வரேக்க ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கும். உடம்பைச் சூடாக்கிறது எண்டு ரெண்டையும் ஒரே நேரத்தில நடத்திப்போட்டு மூத்தவனை அரை மணித்தியாலம் கட்டி வைச்சா அவன் திரும்ப விறைச்சுப்போவான். அவனை ஓடுறதுக்கு 10 நிமிசத்துக்கு முதல் தனியா எடுத்து நடை, துள்ளு நடை, ரெண்டு பக்கமும் மெதுவாச் சுத்தல், ஒரு தாழ்ந்த பார், அவ்வளவுதான்.