தேரையா தவளையா? பின்கால் மேட்டை வைத்துச் சொல்லலாமா?

புதுக்கோட்டைப் பக்கம் செம்மண் தோட்டம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ராத்திரியில் ஒன்று வெளியே வருகிறது. தேரை என்கிறார் அப்பா, எனக்கு என்னவோ தவளை மாதிரிதான் படுகிறது.

அளவு 5 செ.மீ. இருக்கும். உருண்டை உடம்பு, குட்டைக் கால், பழுப்பு நிறம், முதுகில் சின்னச் சின்னப் புடைப்புகள். தோலையும் தாவலையும் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது இங்கே எடுபடவில்லை. சொரசொரப்பும் இருக்கிறது, தாவுவதும் குட்டிக் குட்டியாகத்தான். முட்டையைப் பார்க்கலாம் என்று குட்டைக்குப் போனேன். தேரைக்கே உரிய நீளச் சரம் கிடந்தது, ஆனால் அதை இட்டது இதுதான் என்று எப்படிச் சொல்வது? அங்கே ஒரு கூட்டமே இருக்கிறது.

டார்ச் அடித்துக் கிட்டத்தில் பார்த்ததில், நம் ஊர்த் தேரைக்குக் கண்ணைச் சுற்றி ஓடும் கறுப்பு வரம்பு இதற்கு இல்லை. கண்ணுக்குப் பின்னால் தடித்த நச்சுச் சுரப்பியும் தெரியவில்லை. சின்னத் தேரைக்கு வரம்பு தெளிவாக இருக்காது என்கிறார் நண்பர், அதனால் மறுபடி குழப்பம். அப்புறம், வெளிச்சம் பட்டதும் பின்கால்களால் மண்ணைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே புதைந்துவிட்டது. உள்ளங்காலில் மண்வெட்டி போல ஒரு கடினமான மேடு, முதல் விரல் நீளத்துக்கு இருந்தது.

தேரைக்கும் அங்கே சின்ன மேடு உண்டாமே. இவ்வளவு பெரிதாக இருந்தால் மண்ணில் புதையும் தவளைதான் என்று உறுதியாகச் சொல்லலாமா?