நார்டிக் சிந்த்-பாப் ஒலி: பேட் குழம்புகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நார்வேயின் ஆஹா இசைக்குழு, ஸ்வீடனின் பாடகி ராபின் வழியில், சிந்தசைசர் ஒலியை வைத்து அமைக்கும் சிந்த்-பாப் பாணியில் ஒரு காதல் பாட்டு அமைத்துக்கொண்டிருக்கிறேன். தாளம் ஆடக் கூப்பிட வேண்டும், குரல் அழ வேண்டும். அந்த இசையின் உயிரே இதுதான். ராபினின் 2010 பாட்டு ‘டான்ஸிங் ஆன் மை ஓன்’ கேட்டிருப்பீர்கள். விரும்பியவன் வேறொருத்தியோடு இருப்பதைப் பார்த்தபடி அவள் தனியே ஆடுகிறாள், கீழே பேஸ் இரக்கமே இல்லாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன பாட்டு அது!

என் சிக்கல் பேடில் (pad, பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சிந்த் ஒலி). இரண்டு சா அலைகளை (saw, ரம்பப்பல் வடிவ அலை) லேசாக டீட்யூன் செய்து, அதாவது சுருதியில் கொஞ்சம் விலக்கி, மேலே கோரஸ் (ஒலியை அகலமாக்கும் எஃபெக்ட்) போட்டேன். தனியாகக் கேட்டால் அருமை. பேஸும் குரலும் சேர்ந்ததும் எல்லாம் குழம்பி, அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது. ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசரில் ஒரு நோட்டுக்கு ஒரே ஆஸிலேட்டர்தான் (அலையை உண்டாக்கும் பகுதி), அகலத்தைக் கொடுப்பது அதன் கோரஸ். அப்படியானால் நானும் ஒரு அலையோடு நிறுத்த வேண்டுமா? லோ-கட் (கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) எந்த அளவில் வைக்கிறீர்கள்? பேஸை மோனோவாக (இடம் வலம் பிரிக்காமல் நடுவில்) விடலாமா? குரலுக்கு ரிவெர்பைக் (எதிரொலிப்பு எஃபெக்ட்) குறைத்தால் நெருக்கம் வருமா?

அப்புறம், ஸ்வீடிஷிலோ நார்வேஜிய மொழியிலோ பாடிய இந்த வகைக் காதல் பாடல்கள் தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். இலவச பிளகின் (இசை மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் கருவி) பரிந்துரைகளும் வேண்டும்.