'கோ'வின் இறந்தகாலம் 'வென்ட்' ஆனது எப்படி?

பாலக்கோடு டீச்சர் கேட்டது:
எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். 'கோ – வென்ட் – கான்' வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: ஒரு எழுத்துகூட ஒட்டவில்லையே, இந்த 'வென்ட்' எங்கிருந்து வந்தது? மனப்பாடம் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போக மனசு வரவில்லை. காரணம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். 'ஹேஸ் கான்', 'ஹேஸ் பீன்' இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், அதற்கும் ஒரு வழி வேண்டும்.

தென்பெண்ணை:
டீச்சர், 'வென்ட்' உண்மையில் 'கோ'வுக்குச் சொந்தமான வடிவமே இல்லை. 'வெண்ட்' என்று தனியாக ஒரு வினை இருந்தது, அதன் இறந்தகாலம்தான் அது. போர்டில் 'செண்ட் – சென்ட்', 'லெண்ட் – லென்ட்', 'ஸ்பெண்ட் – ஸ்பென்ட்' என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'வெண்ட் – வென்ட்' எழுதுங்கள். நான்கிலும் கடைசி எழுத்து மட்டும் 'டி'யிலிருந்து (d) 'டீ'க்கு (t) மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒழுங்கில்லாத சொல் என்று நினைத்தது ஒழுங்கான குடும்பத்தில் பிறந்தது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிடும்.

'வெண்ட்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் திருப்பு, திரும்பு என்று பொருள். ஒரு பக்கமாகத் திரும்பிக் கிளம்புவதும் அதில் அடங்கும், அப்படியே 'போ' என்ற பொருளுக்கு நகர்ந்தது. முறுக்குவது, சுற்றுவது என்ற பொருள் கொண்ட 'வைண்ட்' அதற்கு உறவு. ஜெர்மன் மொழியில் 'வெண்டன்' இன்றும் திருப்புவதைத்தான் குறிக்கிறது.

அப்படியானால் 'கோ'வுக்கு முன்பு என்ன இறந்தகாலம்? அங்கேயும் சொந்த வடிவம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஏயோடெ' என்ற வேறு வேரிலிருந்து வந்த சொல்லைக் கடன் வாங்கித்தான் ஓட்டினார்கள். பின்னால் அது 'யேடெ' என்று தேய்ந்தது. 1500 வாக்கில் 'வென்ட்' அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஸ்காட்லாந்துப் பேச்சில் மட்டும் 'கோ'விலிருந்தே 'கேட்' என்று ஒரு இறந்தகாலம் செய்துகொண்டார்கள். தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்' இப்போது 'வெண்டட்' என்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறது. 'வெண்ட் யுவர் வே' போன்ற தொடரில்தான் அதைப் பார்க்கலாம்.

'கான்' மட்டும் அசல் 'கோ'. 'டூ இயர்ஸ் அகோ'வில் உள்ள 'அகோ'வும் அதே வேர்தான். 'கடந்துபோன' என்று பொருள் தந்த எச்ச வடிவம், கடைசி 'ன்' உதிர்ந்து இப்படி நின்றுவிட்டது.

தளி ரோடு:
மேலே சொன்னது சரி. இரண்டு வேர்கள் ஒரே வினைக்குள் சேர்வதை மொழியியலில் 'சப்ளீஷன்' என்பார்கள். பிரெஞ்சில் 'அலே' என்ற வினைக்கு மூன்று வேர்: 'வே' ஒன்று, 'இரே' ஒன்று, 'அலே' ஒன்று. அதிகம் புழங்கும் சொற்களில்தான் இது தங்கும். அபூர்வமாக வரும் சொல்லென்றால் குழந்தைகள் 'கோட்' (goed) என்று ஒழுங்குபடுத்தியதே நிலைத்துவிடும். தினமும் காதில் விழுவதால் 'வென்ட்' தப்பிக்கிறது.

நம்ம ஓசூர், தளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. தெலுங்கில் 'ரா' (வா), 'வச்சாடு' (வந்தான்) என்பதைப் பார்த்து இதுவும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. இரண்டும் நம்ம 'வா, வரு' வேரேதான், ஒலிகள் இடம் மாறியதால் வேறாகத் தெரிகிறது. கன்னட 'ஹோகு'வும் 'போகு'தான், அங்கே சொல் முதலில் வரும் பகரம் ஹகரமாகிவிட்டது: பாலு, ஹாலு மாதிரி. ஒலி மாறுவது ஒன்று, வேரே மாறுவது வேறொன்று. இந்த வித்தியாசத்தை ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.

அரூர் இலக்கணம்:
டீச்சரோட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆள் இப்போ எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். 'ஹி ஹேஸ் கான் டு ஒகேனக்கல்' என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை, போயிருக்கிறார். 'ஹி ஹேஸ் பீன் டு ஒகேனக்கல்' என்றால் போய்வந்திருக்கிறார். 'போயிருக்கிறார்' என்று நாம் இரண்டுக்கும் சொல்வதால்தான் தடுமாற்றம். 'போய்வந்து' பொருந்தினால் 'பீன்'. இன்னொன்று: 'எஸ்டர்டே' வந்துவிட்டால் இரண்டுமே கூடாது, 'வென்ட்' மட்டும்தான். 'டிட்' வந்தால் 'வென்ட்'டும் போய்விடும், காலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது.

பொருள் விஷயத்தில் நம்ம 'போ' பெரிய உதவி. 'மாம்பழம் கெட்டுப்போச்சு' என்கிறோம், அவர்கள் 'வென்ட் பேட்' என்கிறார்கள். பைத்தியமாவதும் கண் தெரியாமல் போவதும் அங்கே 'கோ'தான். கனவு பலித்தால் மட்டும் 'கம் ட்ரூ'. 'பண்ணப் போறேன்' போலவே 'கோயிங் டு'. கால் நடந்து போவதா, எதிர்காலமா என்று தெரியாவிட்டால், 'கோயிங் டு'வைப் பேச்சில் சுருக்கிச் சொல்லும் 'கனா' (gonna) போட்டுப் பார்க்கலாம். 'ஐயாம் கனா ரீட்' சரி. 'ஐயாம் கனா தர்மபுரி' யாரும் சொல்லமாட்டார்கள், அது வெறும் பயணம்.

பாலக்கோடு டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. 'கோ டு ஹோம்' என்று எழுதுகிறார்களே, அதற்குக் காரணம் உண்டா?

தென்பெண்ணை:
உண்டுங்க. பழைய ஆங்கிலத்தில் 'ஹோம்' என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமே 'வீட்டை நோக்கி' என்று பொருள் தந்தது. திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'டு' தேவைப்படவில்லை. 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்' ஆகியவற்றுக்கும் 'டு' வராது. நம்ம பிள்ளைகள் 'வீட்டுக்கு' என்பதில் உள்ள 'க்கு'வை எடுத்து அப்படியே 'டு' ஆக்குகிறார்கள். 'மை', 'ஹிஸ்' போல ஏதாவது முன்னால் வந்தால் மட்டும் அது சாதாரணப் பெயர்ச்சொல், அப்போது 'டு மை ஹோம்' என்று போடணும்.