ஓடிக்கிட்டிருந்த சேனல் திடீர்னு நின்னா: கேபிள்காரங்க அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை, லோக்கல் ஆபரேட்டர்:
"அண்ணாச்சி, சேனல் வரல"ன்னு போன் வந்ததும் ஏணியைத் தூக்கிட்டு ஓடாதீங்க. எது எது வரலைன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதிக்கிடுங்க. கேபிள்ல ஒரே ஃப்ரீக்வென்சியில பத்துப் பன்னெண்டு சேனல் ஒண்ணா ஏறி வரும், அதுல பல கம்பெனி சேனலும் கலந்து கிடக்கும். லைன்ல கோளாறுன்னா அந்தக் கூட்டமே கட்டம் கட்டமா உடையும். காசுச் சேனல் மொத்தமும் போய் இலவசச் சேனல் மட்டும் ஓடுதுன்னா பேக், அதாவது மாசத்துக்குக் கட்டுற சேனல் தொகுப்பு, முடிஞ்சிருக்கு. ஒரே கம்பெனியோட சீரியல், சினிமா, ஸ்போர்ட்ஸ் மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி போயிருந்தா, அது சேனல் கம்பெனிக்கும் கேபிள் கம்பெனிக்கும் மேல நடக்கிற பணத் தகராறு. அதுக்குக் கம்பத்துல ஏறிப் பிரயோசனமில்ல.

சந்தேகம் இருந்தா பாக்ஸ் பின்னாடி சிக்னல் அளக்கிற மீட்டரைப் போடுங்க. 50லேருந்து 60 டெசிபெல் மைக்ரோவோல்ட் இருந்தா லைன் மேல பழி இல்ல. ரெண்டு வழி ஸ்பிளிட்டர் ஒண்ணு நாலு டெசிபெல் வரை தின்னுரும். ரெண்டாவது டிவிக்குன்னு வீட்டுக்காரங்களே ஒண்ணு சொருகி வச்சிருப்பாங்க, அதையும் பாத்துக்கிடுங்க.

திருநெல்வேலி ஜங்ஷன், கண்ட்ரோல் ரூம்:
எங்க கட் பண்றாங்கன்னு நிறையப் பேருக்குப் புரியல. கண்ட்ரோல் ரூம்ங்கிறது சாட்டிலைட்ல சேனலை வாங்கி கேபிள்ல ஏத்துற இடம். கண்ட்ரோல் ரூம்ல காசுச் சேனலுக்கெல்லாம் ரிசீவர் உண்டு, அதுக்குச் சேனலைத் திறக்கிற வியூயிங் கார்டும் உண்டு. சேனல் கம்பெனி தன் இடத்துல உக்காந்தே சாட்டிலைட் வழியா அந்தக் கார்டை முடக்கிரும். ஒரு கார்டு போனா அந்த கண்ட்ரோல் ரூமை நம்பியிருக்கிற எல்லா ஊர்லயும் அந்தச் சேனல் இருட்டு. வசூலுக்கு வர்ற பையன் கையில இதுல ஒண்ணும் கிடையாது, அவனைப் போட்டுத் திட்டுறது பாவம்.

கட் பண்ணணும்னா சேனல் கம்பெனி சட்டப்படி மூணு வாரம் முன்னால கேபிள் கம்பெனிக்கு எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். கடைசி 15 நாள் அந்தச் சேனல்லயே அடியில ஸ்க்ரோல் ஓடணும். அந்த ஓட்டத்தை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்கன்னா, கட் ஆகுற ராத்திரி வர்ற போன்ல பாதி குறையும்.

2023 பிப்ரவரி 18-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. புது விலைக்குக் கையெழுத்துப் போடாத கேபிள் கம்பெனிகளுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூணும் சேர்ந்தே நிறுத்தின நாள். டெல்லியில ஆஸ்திரேலியாவோட டெஸ்ட் ஓடிக்கிட்டிருந்த நேரம் வேற. ஒரு வாரத்துக்குள்ள சேனல் திரும்பி வந்துட்டாலும், டிடிஎச்சுக்கு மாறின வீடு அத்தனையும் திரும்பி வரல.

ஆலங்குளம், வசூல்:
சண்டை எதுக்குன்னு கணக்குல பாருங்க. சேனல் விலை 19 ரூபாய்னா, அதுல குறைஞ்சது 20 சதவீதம், அதாவது 3.80, கேபிள் கம்பெனிக்கு. மேற்கொண்டு தள்ளுபடி 15 சதவீதம் வரை தரலாம், ஆக மொத்தம் 6.65-க்கு மேல கிடையாது. மீதி சேனல் கம்பெனிக்கு. 19 ரூபாய்க்கு மேல விலை வச்ச சேனலை பேக்குல சேர்க்கக் கூடாது. அதனாலதான் அந்த 19-ஐ வச்சு இத்தனை வருஷ வழக்கு: 2020-ல ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அதை 12-ஆ இறக்குச்சு, 2022 நவம்பர்ல திரும்ப 19-க்கே ஏத்துச்சு.

வாடிக்கையாளர் பக்கம்: எந்தச் சேனலையும் தனியா வாங்கலாம், பேக்தான் எடுக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 19 ரூபாய்ச் சேனல் ஜிஎஸ்டியோட 22.42. பீடி சுத்துற வீடுகள்ல பகல் பூரா ஒரே சேனல்தான் ஓடும். அவங்களுக்குத் தனிச் சேனலே லாபம். அதே கம்பெனியில மூணு நாலு சேனல் பாக்கிற வீட்டுக்கு பேக் மலிவா வரலாம், கூட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.

கட் ஆன சேனல் பேக்குல இருந்தா, ரினியூவலுக்கு முந்தின நாளே அதை நீக்கச் சொல்லிருங்க. புதுப்பிச்ச பிறகு நீக்கினா மீதி நாள் காசு கழியுமா கழியாதாங்கிறது சாஃப்ட்வேருக்குச் சாஃப்ட்வேர் மாறும். டோல்ஃப்ரீல சொல்லி புகார் நம்பர் வாங்குங்க. வாய் வார்த்தையா சொன்னது நிக்காது.

அம்பாசமுத்திரம், டிஷ் ஃபிட்டிங்:
இந்தச் சமயத்துல தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ் கேட்டு ஆள் வரும். மாசக் காசு இல்ல, டிடி தமிழ் வரும், ஆனா கட் ஆன காசுச் சேனல் அதுல வராதுன்னு முதல்லயே சொல்லிருங்க. சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்கு. நம்ம பக்கம் திசைகாட்டியில 118 டிகிரி, கிழக்குலேருந்து தெக்கால கொஞ்சம் சாயும். ஏற்றம், அதாவது தரையிலேருந்து மேல பாக்கிற கோணம், 69 டிகிரி. சிக்னலை நேரா இல்லாம சாய்வா வாங்குற ஆஃப்செட் டிஷ்ங்கிறதால பார்வைக்கு 45 டிகிரி மாதிரிதான் தெரியும். வடக்க எடுத்த வீடியோவைப் பாத்துட்டு டிஷ்ஷை நிமித்தி வச்சா சிக்னலே இருக்காது. தென்னை 30 அடி ஒசரமா நின்னாலும் ஓலை நுனி 12 அடிக்கு அப்பால இருந்தா மறைக்காது, அதுக்காக மரத்தை வெட்டச் சொல்லாதீங்க. பாக்ஸ் செட்டிங்ல எல்என்பி (டிஷ் முன்னாடி சிக்னல் வாங்குற கருவி) 9750/10600-ன்னு இருக்கணும்.

திருநெல்வேலி ஜங்ஷன், கண்ட்ரோல் ரூம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. சேனல்தான் இல்லையேன்னு சிலர் ரிசீவரை ஆஃப் பண்ணிருவாங்க. ஒப்பந்தம் ஆனதும் கார்டைத் திறக்கிற தகவல் சாட்டிலைட் வழியாத்தான் வரும், ஆஃப்ல இருந்தா அது ஏறாது. ஆன்லயே விட்டு வைங்க. அப்பவும் திறக்கலைன்னா கார்டு நம்பரைச் சொல்லித் திரும்ப அனுப்பச் சொல்லுங்க.