மறு: [கலைச்சொல்] மைக்ரோலைட் – நுண்ணூர்தியா, மீயிலகு வானூர்தியா, ஊஞ்சல் விமானமா?

குழுவினருக்கு வணக்கம்.

இதுவரை இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எதிர்பார்த்தபடியே புறநானூற்றின் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ (ஓட்டுநர் இல்லாமலே பறக்கும் ஊர்தி) வந்துவிட்டது. நம் குழுவில் பறக்கிற பொருள் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அது வராமல் போகாது. ஆனால் இங்கே வலவன் இருக்கிறார், அதுவும் நம் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். எனவே அந்த வரியை டிரோன்காரர்களுக்கு விட்டுவிடுவோம்.

> ரெயூனியன் தீவுக்கான சுற்றுலாக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். கடற்கரை விடுமுறைக்கு வருகிறவர்கள் ‘யு.எல்.எம்.’ ஏறித் தீவைச் சுற்றிப் பார்ப்பதாக ஒரு பக்கம் வருகிறது. ஆங்கிலத்தில் மைக்ரோலைட்டாம். தமிழில் என்ன எழுத?

பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம், பெயர் அப்புறம். ஒருவரோ இருவரோ ஏறும், எடை மிகக் குறைந்த, பொறி பூட்டிய விமானம் இது. ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. அங்கே மேற்குக் கரைதான் விடுமுறைக்காரர்களுடைய கரை. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று மழையை எல்லாம் கிழக்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுவதால் மேற்கில் வெயில் நிற்கும். பவளத்திட்டுக்கு உள்ளே காயல் (ஈழத்து நண்பர்களுக்குக் களப்பு) ஆழமில்லாமல் அலையில்லாமல் கிடக்கும். சென்-ழில், லெர்மித்தாஜ் பக்கம் அறை எடுத்திருப்பவர்கள் காலையில் சீக்கிரமே எழுந்து, சென்-போலை அடுத்த கம்பே ஓடுதளத்துக்குப் போகிறார்கள். நேரத்தில் சமரசம் கிடையாது. முற்பகல் ஆக ஆக மலைமேல் மேகம் திரண்டு பள்ளத்தாக்குகளை மூடிவிடும், கொடுத்த காசுக்கு வெள்ளைப் புகைதான் தெரியும்.

நேரத்தோடு எழும்பினால், முதலில் காயலின் வெளிர்பச்சை, பவளத்திட்டில் உடைகிற அலையின் வெள்ளைக் கோடு, அதற்கப்பால் சட்டென்று கருநீலம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை என்றால் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டியோடு கரையை ஒட்டி வரும், அதிர்ஷ்டம் இருந்தால் மேலிருந்து முழு உடலையும் பார்க்கலாம். பிறகு மூக்கைத் தீவுக்குள் திருப்பினால் கரும்புத் தோட்டங்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பின் நம் ஆட்கள் பெருவாரியாக ஒப்பந்தக் கூலிகளாக வந்து வெட்டியது இந்தத் தீவின் கரும்பைத்தான். இது கையேட்டில் இல்லையென்றால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கும் மேலே மஃபாத். சுற்றிலும் செங்குத்துச் சுவர், உள்ளே சின்னச் சின்ன ஊர்கள், ஊருக்குள் போகச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். பக்கத்தில் சுமார் 3,070 மீட்டர் உயரத்தில் பித்தோன் தெ நேழ் சிகரம். இந்த மலைகளையும் சுவர்களையும் யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவையும் ஒரே காலையில் பார்த்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் இந்தப் பறப்புக்கு இருக்கிற கவர்ச்சி.

சரி, பெயருக்கு வருவோம்.

> நுண்ணோக்கி, நுண்ணுயிரி, நுண்கடன் வரிசையில் ‘நுண்ணூர்தி’. இலக்கணமும் சரி, உச்சரிக்கவும் எளிது.

இலக்கணம் சரிதான், பொருள்தான் இடிக்கிறது. இந்த விமானத்தில் சிறியது எதுவும் இல்லை. இரண்டு பேர் ஏறும் துணி இறக்கை விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 10 மீட்டர் வரும். குறைவாக இருப்பது எடை மட்டும்தான். ஆளில்லாமல் நிறுத்தியிருந்தால் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் எடையை ஒட்டித்தான் இருக்கும். ஆங்கிலச் சொல்லிலும் ‘மைக்ரோ’ ஒட்டிக்கொண்டிருப்பது ‘லைட்’டோடு. நாம் அந்த ‘லைட்’டைத் தொலைத்துவிட்டு ‘மைக்ரோ’வை மட்டும் கொண்டு வருகிறோம். நுண்ணூர்தி என்று படிக்கிறவர் உள்ளங்கையில் நிற்கும் டிரோனைத்தான் நினைப்பார், அந்தப் பொருளுக்கே பிற்பாடு இந்தச் சொல் தேவைப்படும்.

> ‘இலகுரக விமானம்’ பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறதே ஐயா, புதிதாக எதற்கு?

புழங்குவதுதான் சிக்கல். நம் நாளிதழ்களில் ‘இலகுரகப் போர் விமானம்’ என்றால் தேஜஸ். அது முழுச் சுமையோடு எழும்பும்போது 13 டன்னுக்கு மேல். நான்கு பேர் உட்காரும் செஸ்னாவையும் இலகுரக விமானம் என்றுதான் எழுதுகிறார்கள், அது ஒரு டன்னைத் தாண்டும். நம் மைக்ரோலைட்டுக்கு ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்த உச்சவரம்பு இரண்டு பேரும் எரிபொருளும் சேர்த்து 450 கிலோ. ஒரே பெயருக்குள் இவ்வளவு பேரையும் திணித்தால் கையேட்டைப் படிக்கிறவருக்கு எதில் ஏறப்போகிறோம் என்றே தெரியாது. தெரியாமல் போய், கதவும் கண்ணாடியும் இல்லாத ஒன்றைப் பார்த்து ஓடுதளத்தில் பின்வாங்குவார்.

> ‘தும்பி’ என்று வைத்துவிடலாமே. அழகான சொல்.

அழகுதான் அம்மா. ஆனால் தட்டாரப்பூச்சியைப் பார்த்தால் எல்லாருக்கும் ஹெலிகாப்டர்தான் நினைவுக்கு வருகிறது. பழைய இலக்கியத்தில் தும்பி வேறு வண்டாகவும் வரும். யாராவது விமானம் செய்தால் வணிகப் பெயராக வைக்கட்டும்.

> மைக்ரோலைட் என்றே விட்டுவிட்டால் என்ன கெட்டுவிடும்?

ஒன்றும் கெடாது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்கு மைக்ரோலைட் என்றால்தான் புரியும், அவர்களிடம் போய் வேறு சொல்லைத் திணிக்கவும் வேண்டாம். ஆனால் ரெயூனியனில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. பெயர்ப்பலகையில் இருப்பது யு.எல்.எம்.; பிரித்தால் ‘மிக இலேசான, பொறி பூட்டிய’ என்று வரும். பிரெஞ்சைத் தமிழாக்கும்போது நடுவில் ஆங்கிலத்தை எதற்கு உட்கார வைக்க வேண்டும்?

என் பரிந்துரை ‘மீயிலகு வானூர்தி’. மீயொலி, மீயுரை என்று ‘மீ’ ஏற்கெனவே கால் ஊன்றிவிட்டது. இலகு என்பதற்கு மேலே ஒரு படி என்பதால் தேஜஸோடும் செஸ்னாவோடும் மோதாது. எடை எண்ணைச் சொல்லுக்குள் நுழைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம். பிரிட்டன் 2021-இல் வரம்பை 600 கிலோவுக்கு ஏற்றிவிட்டது, நாளைக்கு இன்னொரு நாடு ஏற்றும். அமெரிக்க விதி தனி ரகம்: 1982-இலிருந்து அங்கே ‘அல்ட்ராலைட்’ என்ற பெயரைச் சுமப்பது ஒரே ஒருவர் உட்காரும், பொறி பூட்டியதென்றால் காலி எடை 115 கிலோவுக்கு உட்பட்ட வண்டி. அதில் சுற்றுலாப் பயணி ஏறவே முடியாது. அமெரிக்க நூலை மொழிபெயர்க்கிறவர் அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளட்டும்.

விமானமா, வானூர்தியா என்பதில் எனக்குத் தனித்தமிழ்ப் பிடிவாதம் இல்லை. பிரெஞ்சுச் சட்டம் யு.எல்.எம். என்ற பெயருக்குள் ஆறு வகைகளைச் சேர்க்கிறது, அதில் ஒன்று பலூன் வகை. பலூனை விமானம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே பொதுப்பெயரில் வானூர்தி, கையேட்டின் அந்தப் பக்கத்தில் மட்டும் ‘மீயிலகு விமானம்’ என்று இளக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு சொல்லும் இங்கே தேவைப்படுகிறது. இந்த ஆறு வகைகளில் சுற்றுலாப் படங்களில் அதிகம் வருவது, துணி இறக்கைக்குக் கீழே மூன்று சக்கரத் தொட்டில் தொங்கும் வகை. நாசாவின் முன்னோடி நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வளையும் இறக்கையின் வாரிசு அது. தொட்டில் ஒரே இணைப்பில் தொங்குகிறது. வலவர் கையில் இருப்பது இறக்கையோடு சேர்ந்த முக்கோணச் சட்டத்தின் அடித்தண்டு. அதை முன்னால் தள்ளினால் மூக்கு ஏறி வேகம் குறையும். மார்புப் பக்கம் இழுத்தால் வேகம் கூடும். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் சாயும். சாதாரண விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கு எல்லாமே தலைகீழ். சுக்கானும் சிறகுமடலும் கிடையாது, உடல் எடையை நகர்த்தித்தான் திருப்புகிறார்கள். பிரெஞ்சில் இதற்கு ‘ஊசல் வகை’ என்ற பொருள்படும் பெயர். நாமும் ‘ஊசலிறக்கை விமானம்’ என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கேட்டால், கையேட்டில் ‘ஊஞ்சல் விமானம்’ என்றே எழுதுங்கள் என்பேன். பாட்டிக்கும் புரியும், பயமும் பாதி குறையும். கெட்டியான இறக்கையோடு சின்ன விமானம் போலவே இருக்கும் மூன்றாம் வகைக்கு ‘மூவச்சு’ போதும்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், வகை தெரியாமல் எழுதினால் கையேட்டின் அறிவுரைகள் பிசகும். ஊஞ்சல் விமானத்தில் விசிறி பயணியின் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது. நழுவுகிற கைபேசி, தொப்பி, துப்பட்டா எதுவானாலும் நேரே அதற்குள் போகும். அதனால்தான் பல இடங்களில் பைகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, இறக்கையில் மாட்டிய கேமராவில் படம் எடுத்துத் தருகிறார்கள். மூடிய மூவச்சு விமானத்தில் இந்தக் கெடுபிடி கிடையாது, ஆனால் முகத்தில் காற்றும் அடிக்காது. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

பறப்புக்கும் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். ‘இயற்கைக் காட்சி விமானப் பயணம்’ நீளம். பயணம் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகவேண்டும், இதுவோ கிளம்பிய இடத்திலேயே இறங்குகிறது. ‘வானுலா’ என்று எழுதலாம். பிரெஞ்சுக்காரர்கள் முதல் பறப்பைக் காற்றில் பெறும் ஞானஸ்நானம் என்பார்கள், அதைத் தமிழாக்க முயல வேண்டாம், யாராவது கோவித்துக்கொள்வார்கள்.

ஆக, உங்கள் பக்கம் இப்படித் தொடங்கலாம்: “மேகம் கூடுவதற்கு முன் கம்பே ஓடுதளத்துக்கு வந்துவிட்டால், மீயிலகு விமானத்தில் காயலுக்கும் மஃபாத்துக்கும் மேலே ஒரு வானுலா போகலாம். காற்றோட்டம் வேண்டுமென்றால் ஊஞ்சல் விமானத்தைக் கேளுங்கள்.”

பாக்கி இருப்பது நான்காம் வகையான ஆட்டோகைரோ. அதுவும் அந்தத் தீவில் பயணிகளை ஏற்றுகிறது. தலைக்கு மேலே இறக்கை சுழலும், ஆனால் பறக்கும்போது அதைப் பொறி சுழற்றுவதில்லை, எதிர்க்காற்றே சுழற்றுகிறது. ‘சுழலிறக்கை’ என்றால் ஹெலிகாப்டரோடு குழம்பும், ‘உலங்கு’ ஈழத்தில் ஏற்கெனவே ஹெலிகாப்டருக்குப் போய்விட்டது. ‘காற்றுச்சுழலி’ என்று பார்த்தால் காற்றாலை வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் யாராவது இதற்கு வழி சொல்லுங்களேன்.

அன்புடன்,
குழு உறுப்பினன்