மார்ஜின்: விளிம்பா, வரம்பா, ஓரமா? (கால்நடை அறுவைக் கையேடு, அவசரம்)

வில்லியனூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாய்களுக்குக் கட்டி அகற்றும் அறுவை பற்றிப் பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'சர்ஜிக்கல் மார்ஜின்' (கட்டியைச் சுற்றிச் சேர்த்து வெட்டும் நல்ல திசுப் பட்டை; வெட்டிய பரப்புக்கும் அதே பெயர்) வரும் இடமெல்லாம் 'விளிம்பு' என்றே போட்டு வந்தேன். "மாஸ்ட் செல் கட்டியைச் சுற்றி 2 செ.மீ. விளிம்பு விட்டு, அடியில் ஒரு தசையுறையோடு சேர்த்து வெட்டுக" என்ற வரியில் நின்றுவிட்டேன் (மாஸ்ட் செல் கட்டி நாய்த்தோலில் வரும் ஒருவகைப் புற்று). விளிம்புக்கு ஏது அகலம்? அடுத்த பக்கத்திலேயே "விளிம்பில் மை தடவுக" என்று வருகிறது. அது சரி, மை பூசுவது கத்தி பட்ட பரப்பில்தான். இரண்டு பொருளுக்கு ஒரே சொல் ஆகாது. வெட்டியெடுத்த சதையை ஒளியால் பார்க்கும் 'ஆப்டிக்கல் கொஹெரன்ஸ் டோமோகிராஃபி'க்கும் (ஓ.சி.டி.) ஒரு சொல் வேண்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அம்மா, நீங்கள் தேடும் சொல் வயலில் கிடக்கிறது. வரப்புக்கு அகலம் உண்டு, ஆள் நடக்கலாம், அதில் பயிர் இராது. அதன் மூத்த வடிவம் வரம்பு. ஈழத்தில் இன்றும் வயல்வரம்பு என்றே சொல்கிறார்கள். மென்றொடர் வன்றொடராகத் திரிவது ('ம்பு' 'ப்பு' ஆவதும் 'ந்து' 'த்து' ஆவதும்) நமக்குப் புதிதல்ல: இரும்பு இருப்புப்பாதையில், கரும்பு கருப்பஞ்சாற்றில், மருந்து மருத்துப்பையில். இவையெல்லாம் புணர்ச்சியில் திரிபவை. வரப்போ தனித்தே நிற்கிறது. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. இப்போதைக்கு 'வரம்பு' என்று போடுங்கள்.

பண்ருட்டியிலிருந்து:

ஐயா மன்னிக்கணும். இன்றைக்கு வரம்பு என்றால் வயது வரம்பு, வருமான வரம்பு. "2 செ.மீ. வரம்பு" என்று படிக்கிற பையன், கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் வெட்டக்கூடாது என்றுதான் எடுத்துக்கொள்வான். அறுவை மேசையில் அது விபரீதம். இன்னொன்று, வரப்பு சுற்றிலும்தான் இருக்கும், அடியில் இராது. எங்கள் ஊர்ப் பலாவைப் பாருங்கள்: கொட்டையைச் சுளை எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது. கட்டியைச் சுற்றி அப்படி நல்ல திசு இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து நோட்டில் மார்ஜின் போட்ட பிள்ளைகள்தானே, 'மார்ஜின்' என்றே விடலாம். இல்லையென்றால் 'ஓரம்'.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

தம்பி, அயற்சொல்லுக்கு நான் கதவடைக்கவில்லை. வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியரே வழிவிட்டார். வீட்டில் பொருள் இருக்கும்போது கடன் எதற்கு என்பதே என் கேள்வி. 'ஓரம்' ஒருபக்கச் சாய்வைக் காட்டும்; ஓரவஞ்சனை அங்கிருந்து வந்ததுதான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

கருவியின் பெயருக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 'ஓரியல் மூலங்கள்' என்று இருக்கிறது, ஆகவே கொஹெரன்ஸ் என்பது ஓரியல்பு. 'தோமோஸ்' கிரேக்கத்தில் சீவிய துண்டு. வெற்றிலைத் தட்டில் இருக்கும் சீவல்தான் அது. 'ஓரியல் ஒளிச் சீவற்படம்' என்று முன்மொழிகிறேன். கத்தியே படாமல் ஒளியால் சீவிக் காட்டுவதால் எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

வில்லியனூரிலிருந்து:

சீவற்படம் அழகு, ஐயா. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை பார்க்கும் அதே நுட்பம் இது, 1991-இல் வந்தது. கண் மருத்துவமனைக்குப் போகிற பாட்டிகூட "ஓ.சி.டி. எடுக்கணும்" என்கிறார். அதனால் தலைப்பில் ஓ.சி.டி., விளக்கத்தில் சீவற்படம்.

கருவி செய்வதைச் சொன்னால் மார்ஜின் சிக்கலும் தெளியும். அல்ட்ராசவுண்டில் ஒலி திரும்புவதுபோல் இதில் அகச்சிவப்பு ஒளி திரும்புகிறது. வெட்டியெடுத்த சதையை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடுமுன்பே பார்த்துவிடலாம். கொழுப்பு தேன்கூடு மாதிரி கண்கண்ணாகத் தெரியும். சார்க்கோமா என்ற புற்று அதுவரை எட்டியிருந்தால் அந்தக் கண்கள் மறைந்து வெளுத்து அடர்ந்திருக்கும். நோயியல் ஆய்வகத்தில் ரொட்டி போல அரிந்து சில வில்லைகளைத்தான் பார்க்க முடிகிறது. இதில் பரப்பு முழுவதையும் தடவிப் பார்க்கலாம், கடைசித் தீர்ப்பு நோயியலுடையதே என்றாலும். ஆனால் ஒளி போவது 1–2 மி.மீ. ஆழம். ஆகவே ஓ.சி.டி. பார்ப்பது வெட்டிய பரப்பை மட்டும், 2 செ.மீ. பட்டையை அல்ல.

போன மாதம் ஒரு நாட்டு நாய்க்குத் தொடையில் கட்டி. ஸ்கேல் வைத்து, மார்க்கரால் சுற்றிலும் 2 செ.மீ. கோடு போட்டு வெட்டினேன். வெட்டியதும் தோல் சுருண்டது, ஃபார்மலினில் இன்னும் சுருங்கியது. நோயியல் அறிக்கையில் 12 மி.மீ. என்று வந்தது. "ரெண்டு சென்டிமீட்டர் விட்டேன்னு சொன்னீங்களே டாக்டர்" என்று நாயை வளர்க்கும் அம்மா அழுதார். நான் விட்டதும் அறிக்கை அளந்ததும் வேறுவேறு என்று சொல்லிப் புரியவைக்க என்னிடம் சொல் இல்லை.

அதனால் கத்தி பட்ட பரப்பு 'வெட்டுவிளிம்பு'. இதில் யாருக்கும் மறுப்பில்லை என்று நினைக்கிறேன். பட்டைக்கு 'ஓரம்' என்றும் 'வரம்பு' என்றும் சொல்லியிருக்கிறீர்கள்; இப்போதைக்கு ஓரத்தை எடுத்துக்கொள்கிறேன். "சுற்றிலும் 2 செ.மீ. நல்ல திசு ஓரமாக விட்டு" என்று எழுதி இன்றிரவு அனுப்புகிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அனுப்புங்கள் அம்மா, நாய்களுக்கு நல்லது நடக்கட்டும். ஆனால் "ஓரமாக விட்டு" என்றால் ஒதுக்கி வைத்துவிட்டு என்றும் பொருள்படும். இரண்டாம் பதிப்பில் வரம்பை மறுபடி எடுப்பேன்.